வராதவர்கள் கூப்பிட வேண்டிய எண்

"எது வேணும்னாலும் சொல்லு, தயங்காத." இந்த வாக்கியத்தை முதன்முதலில் சொன்னவர் யாரோ, அவர் கையில் ஒரு வாளியையும் துடைப்பத்தையும் கொடுத்து அக்கா வீட்டுக் குளியலறையில் நிறுத்த வேண்டும் என்பது என் ஆசை. அக்காவுக்குப் புற்றுநோய் என்று உறுதியான வாரத்தில் மட்டும் இதை நாற்பது தடவையாவது கேட்டிருப்பேன். சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அக்கா தனியாக இருந்தாள். அத்தான் இறந்து ஆறு வருடம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகக் கட்டிங் மாஸ்டர். மேசையில் ஐம்பது மடிப்புத் துணியை அடுக்கி, மேலே சாக்பீஸால் கோடு போட்டு, மிஷின் கத்தியை ஒரே ஓட்டமாக ஓட்டுவாள். அம்மா இல்லாத வீட்டில் அண்ணனுக்கும் எனக்கும் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவளும் அவள்தான். அண்ணன் எனக்கு அண்ணன், அவளுக்குத் தம்பி. இதை அவன் அடிக்கடி மறந்துபோய் அவளுக்கும் அண்ணனாக நடந்துகொள்வான்.

மூன்று வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை மருந்து ஏற்றுவார்கள். மொத்தம் ஆறு தடவை. ஏற்றிய பிறகு ஐந்து நாள் அவளால் எழுந்து நிற்க முடியாது. அடுத்த வாரம் இன்னும் மோசம். பார்க்கத் தெளிவாக இருப்பாள், உள்ளே நோயை எதிர்க்கும் சக்தி வழித்தெடுத்த பாத்திரம் மாதிரி காலியாகக் கிடக்கும். அந்த நாட்களில் காய்ச்சல் முப்பத்தெட்டு டிகிரி செல்சியஸைத் தொட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். நர்ஸ் இதை மூன்று தடவை சொன்னார். "பகல்ல தனியா விட்டுடாதீங்க. காய்ச்சல் வர்றது அவங்களுக்கே தெரியாது" என்று என் கையைப் பிடித்தும் சொன்னார். ராத்திரிக்கு நான் இருந்தேன். வேலை முடிந்து நேரே அக்கா வீட்டுக்குப் போய் அங்கேயே படுத்துக்கொள்வேன். பகலுக்குத்தான் ஆள் வேண்டும்.

அண்ணன் உடனே காரியத்தில் இறங்கினான். அவன் இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளை மேலாளர், அவனுக்குக் காரியம் என்றால் கூட்டம். 'அக்காவுக்குத் துணை' என்று போனில் ஒரு குழு ஆரம்பித்தான். ஒரே நாளில் இருபத்து மூன்று பேர். இதயப் படம் இருபது, கும்பிடுகிற கை முப்பது. யாரோ சூரிய உதயம் ஒன்றை அனுப்பினார்கள். அதைப் பார்த்து அக்காவின் ரத்த அணுக்கள் ஏறும் என்று நினைத்தார்களோ என்னவோ.

பிறகு அண்ணன் எனக்குப் போன் செய்தான். "நீதான் டிப்போவுல டூட்டி சார்ட் போடுறவளாச்சே. இவங்களுக்கும் ஒண்ணு போட்டுடு. நான் மேற்பார்வை பாத்துக்கறேன்."

ஆமாம், நான் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். நூற்றுப் பதினெட்டு டிரைவர்களுக்கு எந்த நாள் எந்த வண்டி என்று தினமும் எழுதி ஒட்டுகிறவள். அக்கா வீட்டுக்குச் சார்ட் போட எனக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. காலை எட்டிலிருந்து ஒன்று, ஒன்றிலிருந்து ஆறு. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெயர். குழுவில் போட்டதும் மறுபடி இதயங்கள் வந்தன.

முதல் சுற்றிலேயே சாயம் வெளுத்துவிட்டது. எங்கள் சித்திக்கு முதுகு வலி, மழை. மற்றவர்களுக்கு வீட்டில் விருந்தாளி, பிள்ளைக்குப் பரீட்சை. குழுவில் காலை ஏழு மணிக்கு ஒரு வரி வந்து விழும்: "இன்னிக்கு முடியல, யாராவது பாத்துக்கோங்க." அந்த யாராவது எப்போதும் நான்தான். வந்தவர்களிலும் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக் குழுவில் போட்டுவிட்டு, குடித்த டம்ளரைக்கூடக் கழுவாமல் போவார்கள். அண்ணன் பெயர் இருந்த மூன்று நாளும் வந்தது அண்ணி. அண்ணி பல் மருத்துவமனையில் வேலை செய்கிறவர், தன் பெயர் இருந்த இரண்டு நாளும் வந்தார். ஆக ஐந்து நாள் அவரே. குழுவில் "சூப்பர் தம்பி" என்று பாராட்டு அண்ணனுக்கு. அவன் கூச்சமே இல்லாமல் நன்றி சொன்னான்.

எனக்கு டிப்போவில் லீவு தீர்ந்தது. மேனேஜர் கூப்பிட்டு, "ஆளுக்கு டூட்டி போடுறவங்களே டூட்டிக்கு வரலன்னா எப்படிம்மா?" என்று கேட்டார். கேட்டது நியாயம். அதனால் எனக்குக் கோபம் இரண்டு மடங்கானது.

அப்போதுதான் அந்தப் புத்திசாலித்தனமான யோசனை வந்தது. அதைச் சொல்ல இப்போதும் நாக்கு கூசுகிறது.

டிப்போவில் நான் கொண்டுவந்த ஒரு விதி உண்டு. முன்பெல்லாம் வர முடியாத டிரைவர் ஆபீசுக்குப் போன் செய்து லீவு சொல்லிவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார். நான்தான் ஸ்பேர் டிரைவரைத் தேடி அலைவேன். ஒரு நாள் மாற்றிவிட்டேன். வர முடியாதவர் ஆபீசைக் கூப்பிடக் கூடாது. தனக்குப் பதில் வண்டி எடுக்கப்போகிற ஸ்பேர் டிரைவரை அவரே கூப்பிட்டு, தூக்கத்திலிருந்து எழுப்பி, தன் வாயால் கேட்க வேண்டும். ஒரே மாதத்தில் லீவு பாதியாகக் குறைந்தது. ஆபீசிடம் பொய் சொல்வது எளிது, ஆளிடம் கஷ்டம்.

அதையே குழுவிலும் போட்டேன்: "இனிமேல் வர முடியாதவர்கள் இங்கே எழுத வேண்டாம். நேராக அக்காவுக்கே போன் செய்து அவளிடமே சொல்லுங்கள்." கீழே அக்காவின் எண்ணையும் கொட்டை எழுத்தில் போட்டேன். உடம்பு முடியாமல் கிடக்கிறவளிடம் எந்த முகத்தோடு சொல்வீர்கள் பார்ப்போம் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டாவது சுற்று மருந்து ஏறியது. முதல் மூன்று நாளும் நான் கெஞ்சி வாங்கிய லீவில் கூடவே இருந்தேன். அதன் பிறகு குழு அடங்கிவிட்டது. ஒரு வரி இல்லை. காலையில் போனை எடுத்துப் பார்ப்பேன், அமைதி. சாயங்காலம் போய் "இன்னிக்கு யார் வந்தா?" என்று கேட்டால் அக்கா, "வந்தாங்கடி, நீ கை கால் கழுவு மொதல்ல" என்பாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா அண்ணி, கேக்குற விதத்துல கேட்டா எல்லாரும் வழிக்கு வருவாங்க" என்று பீற்றிக்கொண்டேன். அண்ணி பேச்சை மாற்றினார். அவருக்கு அண்ணனைத் தெரியும்.

மருந்து ஏறிப் பன்னிரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை. டிப்போவில் ஒரு வண்டி கேட்டிலேயே நின்றுபோய் எல்லாமே தாமதம். மூன்று மணி இருக்கும், போன் அடித்தது. ஒட்டகம்.

ஒட்டகம் என்பது அக்காவோடு வேலை பார்க்கும், சட்டைக்குப் பொத்தான் துளை போடும் காஜா மிஷின்காரி. ஆள் ஆறடி, அந்தப் பெயரைச் சொல்லித்தான் தன்னையே அறிமுகப்படுத்திக்கொள்வாள். சார்ட்டில் அவள் பெயரை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போட்டிருந்தேன். அன்றைக்கு அவளுடைய முறையே இல்லை. கம்பெனியில் அக்கா விட்டுவந்த கத்தரிக்கோலை யாரோ எடுத்துப் புழங்குவது பொறுக்காமல், பிடுங்கிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள்.

"உன் சார்ட்டுல இன்னிக்கு யாரு பேரு இருக்கு?" குரலே சரியில்லை.

"காலைல சித்தி. மத்தியானம் அண்ணன். ஏன்?"

"ஒருத்தரும் இல்ல இங்க. பாத்ரூம் வாசல்ல மாஸ்டர் விழுந்து கெடக்கறாங்க. உடம்பு கொதிக்குது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன், நீ ஆஸ்பத்திரிக்கு வா."

நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவைக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். முப்பத்தொன்பது புள்ளி ஆறு. காலை பத்து மணிக்கே குளிர் எடுத்தது என்று அவளே சொல்லியிருக்கிறாள். "பத்து மணிக்கு வந்த காய்ச்சலுக்கு நாலு மணிக்கா கூட்டிட்டு வருவீங்க? நான் எத்தன தடவ சொன்னேன்?" என்று அந்த நர்ஸ் என்னைக் கேட்டார்.

அக்காவின் போன் என் கையில் இருந்தது. வந்த அழைப்புகளைத் தள்ளிப் பார்த்தேன். ஒன்பது நாளில் பதினோரு பேர் கூப்பிட்டிருந்தார்கள். எல்லாமே இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். பதினோரு கட்டம் காலி. பதினோரு தடவை அவள் தனியாக இருந்திருக்கிறாள், ஒவ்வொரு சாயங்காலமும் என்னிடம் "வந்தாங்கடி" என்று சொல்லியிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை காலை ஏழு நாற்பதுக்குச் சித்தி. பன்னிரண்டரைக்கு அண்ணன். அவன் கூப்பிட்டபோது அவளுக்குக் காய்ச்சல் வந்து இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது.

அண்ணன் டையோடு வந்தான். சித்தியையும் காரில் கூட்டி வந்திருந்தான். நான் காத்திருக்கவில்லை, ஆஸ்பத்திரி நடைபாதை என்றும் பார்க்கவில்லை.

"பன்னெண்டரைக்குப் போன் பண்ணியே, என்ன பேசின?"

"மீட்டிங் இழுக்கும்போல இருந்துச்சு. வர முடியாதுன்னேன். எப்படி இருக்கன்னுகூட கேட்டேன். பரவாயில்லடா, நீ வேலையப் பாருன்னா. நல்லாத்தான் பேசினா."

"அப்ப அவ பல்லு தந்தியடிச்சிட்டு இருந்திருக்கும். அதுகூடவா காதுல விழல?"

"எனக்கு எப்படித் தெரியும்? காலைல சித்தி இருந்திருப்பாங்கன்னு நெனச்சேன்."

"நான் மத்தியானம் அவன் வருவானேன்னு நெனச்சேன்" என்றார் சித்தி. "அவளும் பரவாயில்ல சித்தின்னுதான் சொன்னா. ஏம்மா, அவளுக்கே போன் பண்ணிச் சொல்லணும்னு ரூல் போட்டது நீதானே? நீ சொன்னபடிதானே செஞ்சோம்?"

அவர் சொன்னது உண்மை. ஸ்பேர் டிரைவரைத் தூக்கத்தில் எழுப்பி லீவு கேட்டால் அவர் ஏழு தலைமுறையை இழுத்துவைத்துத் திட்டுவார். அந்தத் திட்டுக்குப் பயந்துதான் டிப்போவில் லீவு குறைந்தது. அக்காவுக்குத் திட்டத் தெரியாது. அவள் வாயைத் திறந்தால் "பரவாயில்ல"தான் வரும், நாற்பது வருடமாக அதுதான் வந்துகொண்டிருக்கிறது. நான் தின்ற கடைசி ரொட்டிக்கும் பரவாயில்ல, அண்ணன் படிப்புக்காக அவள் படிப்பை நிறுத்தியதற்கும் பரவாயில்ல. அப்படிப்பட்டவளிடம் போய் மன்னிப்பு வாங்கிக்கொள்ளுங்கள் என்று இருபத்து மூன்று பேருக்கு நானே எண் கொடுத்திருக்கிறேன். அவர்களும் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

என் மேல் வந்த கோபத்தில் அவர்கள் மேல் இருந்த கோபம் குறைந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். விதி என்னுடையதுதான். வராமல் இருந்த கால்கள் அவர்களுடையவை.

ஐந்தாம் நாள் அக்கா எழுந்து உட்கார்ந்தாள். முகம் பாதியாகிவிட்டது. நானும் ஒட்டகமும் இருந்தோம். நான் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். கைகாட்டி நிறுத்தினாள்.

"அந்தச் சார்ட்ட எடு."

எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே பார்த்தாள்.

"இதுல என் பேரு எங்கடி?"

"உன் பேரா? உனக்காகத்தானே அக்கா சார்ட்டு."

"பஸ்ஸுக்கு ஆள் போடுற மாதிரி போட்டிருக்க. பஸ்ஸ யாரும் கேக்க மாட்டாங்க, யார் ஓட்டணும்னு. நான் துணியில கத்தி வைக்கறதுக்கு முன்னாடி அளவு எடுப்பேன். நீ என்னை அளவெடுத்தியா? எனக்கு யார் வந்தா பிடிக்கும், யார் வந்தா எழுந்து உக்காந்து சிரிக்க வேண்டியிருக்கும், யார் முன்னாடி என்னால வாந்தி எடுக்க முடியும்னு ஒரு தடவ கேட்டியா? நோவு எனக்கு. அவங்க போன் பண்ணுவாங்க, குற்ற உணர்ச்சியில குரல் நடுங்கும், நான் சமாதானம் சொல்லணும். பதினோரு பேருக்குச் சொன்னேன். எனக்கு யாருடி சொன்னா?"

அக்கா குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பக்கத்துக் கட்டில்காரம்மா திரும்பிப் பார்த்தார். ஒட்டகம் சத்தம் வராமல் கைதட்டினாள்.

"எழுதிக்க" என்றாள் அக்கா. எழுதிக்கொண்டேன். இருபத்து மூன்று பேர் வேண்டாம், ஆறு பேர் போதும். மற்றவர்கள் சூப் வைத்து வாசலில் வைத்துவிட்டு மணியடித்துப் போகட்டும், உள்ளே வர வேண்டாம். சித்தியால் மாடி ஏற முடியாது, அதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் முதுகு வலி, மழை என்கிறார். அவர் தன் வீட்டில் உட்கார்ந்தபடியே தினமும் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் போன் செய்து, தெர்மாமீட்டரில் என்ன காட்டுகிறது என்று கேட்கட்டும். போனை எடுக்கவில்லை என்றால் என்னைக் கூப்பிடட்டும். யாராவது வர முடியாவிட்டால் அக்காவுக்குச் சொல்லக் கூடாது. தனக்குப் பதில் அந்த ஆறு பேரில் ஒருவரைச் சம்மதிக்கவைத்து, பிறகு எனக்குச் சொல்ல வேண்டும். குளிக்கவைப்பது ஒட்டகம்.

"நான் குளிக்கவைக்க மாட்டேனா?" என்றேன். சுருக்கென்றது.

"நீ அழுவ. அவ கிண்டல் பண்ணுவா. எனக்குக் கிண்டல்தான் வேணும்."

"வியாழக்கிழமை மருந்து ஏத்த யாரு கூட வரணும்?"

"தம்பி."

"அவன் வேண்டாம். அவன் அண்ணியத்தான் அனுப்புவான். நேரா அண்ணி பேரையே எழுதிடலாம்."

"அவளுக்கு அவ நாள் இருக்கு. வியாழன் அவனோடது. நான் தூக்கி வளத்தவன்டி. எல்லாரும் விட்டுக் கொடுத்துக் கொடுத்துத்தான் அவன் இப்படி ஆனான். மொத ஆளா விட்டுக் கொடுத்தது நான்தான்."

ரத்த அணுக்கள் தேற ஒரு வாரம் கூடுதலாக ஆனது. மூன்றாவது சுற்றுக்கு நாள் குறித்தார்கள். அந்த வியாழக்கிழமையும் வந்தது, காலை ஏழே முக்கால் மணி. ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், தவறினால் அந்த இடத்தை வேறு நோயாளிக்குக் கொடுத்துவிடுவார்கள், அடுத்த வாரம்தான் கிடைக்கும். ஏற்கெனவே ஒரு வாரம் பின்தங்கியாகிவிட்டது, இன்னொரு வாரம் தள்ளக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அண்ணன் எட்டே காலுக்கு வர வேண்டும். எனக்கு எட்டரைக்கு டிப்போ. அக்கா தலையில் துணி கட்டி, செருப்பும் போட்டுக்கொண்டு, மடியில் பையோடு கதவருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் போன் அடித்தது. 'தம்பி' என்று திரையில் தெரிந்தது. புது விதிப்படி அவன் கூப்பிட வேண்டியது என்னை. பழக்க தோஷம், எங்கே மன்னிப்பு சுலபமாகக் கிடைக்குமோ அங்கே கை தானாகப் போகிறது. அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, எப்படி இருக்க? திடீர்னு தலைமை ஆபீஸ்லேந்து ஆள் வர்றாங்களாம். உன் அண்ணி, அதான், இவ வருவா. லீவு போடச் சொல்லிட்டேன். ஒண்ணும் இல்லையே?"

அக்கா வாயைத் திறந்தாள். "பரவா" என்று ஆரம்பித்துவிட்டாள். நான் போனைப் பிடுங்கக் கை நீட்டினேன், அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"இல்லடா" என்றாள். "பரவாயில்லன்னு சொல்ல மாட்டேன். அன்னிக்குப் பரவாயில்லன்னு சொன்னதும் பொய். நீ போன் பண்ணப்ப நான் தரையில உக்காந்திருந்தேன், எழுந்திருக்க முடியல. அவள அனுப்பாத. நீ வா. நான் செருப்புப் போட்டுட்டு உக்காந்திருக்கேன்."

அக்கா போனை வைத்துவிட்டாள்.

"அவன் வரலன்னா ஊசி தள்ளிப்போகும்க்கா. நான் லீவு சொல்லிடறேன்."

"சொன்னா நான் உன்கூட வர மாட்டேன். நீ வேலைக்குப் போ."

நான் போகவில்லை. போவதுபோல மாடியிறங்கி, எதிர்க் கடை ஓரத்தில் நின்றேன். எட்டு பத்து. எட்டே கால். எட்டு இருபது. டிப்போவில் மேனேஜர் முகம் எப்படி இருக்கும் என்று தெரியும். கையில் போனை வைத்துக்கொண்டு, அண்ணி எண்ணைத் தொடுவதும் விடுவதுமாக நின்றேன். அந்த நேரத்தில் அண்ணனைத் திட்டிய திட்டில் டிப்போவின் அத்தனை ஸ்பேர் டிரைவர்களும் என்னிடம் பாடம் படிக்கலாம்.

எட்டு இருபத்தெட்டுக்குக் கார் வந்து நின்றது. அண்ணன்தான், தனியாக. இறங்காமல் ஹாரன் அடித்தான். யாரும் வரவில்லை. மறுபடி அடித்தான். மூன்றாம் மாடி ஜன்னல் திறந்தது.

"மேல வந்து கூட்டிட்டுப் போடா" என்று அக்கா கத்தினாள். தெருவே நிமிர்ந்து பார்த்தது.

அவன் டையைக் கழற்றிக் காருக்குள் எறிந்துவிட்டுப் படியேறினான். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள். பை அவன் தோளில், வாந்தி வந்தால் பிடிக்க வைத்திருக்கும் சின்ன வாளி அவன் கையில், அக்கா அவன் இன்னொரு கையில். ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். வாளியை எப்படிப் பிடிப்பது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி அங்கிருந்து இருபது நிமிடம், அவன் ஓட்டுகிற ஓட்டத்துக்குப் போய்விடலாம்.

நான் கடை ஓரத்திலேயே நின்று பையிலிருந்து சார்ட்டை எடுத்தேன். 'வியாழன், தம்பி' என்ற கட்டத்தில் 'வந்தார்' என்று எழுதினேன். பக்கத்தில், டிப்போ வழக்கப்படி சிவப்பு மையில், பதின்மூன்று நிமிடம் தாமதம் என்றும் எழுதினேன்.